இவெத்துக்கு இத்தனை சாமந்தியா?

ஓர்ஸான்வில் கிராமத்தில் கேட்ட இடமெல்லாம் ஒரே பதில் கிடைத்தது. ஒதீல் வோக்லேருக்கு உறுத்தியதே அதுதான்.

"கிழவர் அர்மானா? நேத்துகூட சைக்கிள்ல வயல் பக்கம் போனாரே. கையைக்கூட ஆட்டினார்" என்றார் மேயர் உபேர்.

"தினம் ரொட்டி எடுத்துக்கிறார். கேட்ல பையை மாட்டிட்டுப் போறேன், மறுநாள் பை காலியா இருக்கு" என்றாள் ரொட்டி வண்டிக்காரி.

"நேத்து சாயந்திரம் என் கடையிலதான் சீட்டாட்டம். ரெண்டு ஆட்டம் ஜெயிச்சார், எல்லாரையும் திட்டிட்டுப் போனார்" என்றாள் கஃபே நடத்தும் ஜொஸியான்.

ஆனால் அவருடைய தம்பி மகள் கரீன் ஒரு மாதமாகப் போன் செய்கிறாள், யாரும் எடுக்கவில்லை. இரண்டு முறை நேரில் வந்தாள். இரண்டு முறையும் இப்போதுதான் வெளியே போனார் என்று ஊரே வழியனுப்பி வைத்தது. மூன்றாவது முறை அவள் ஊருக்கு வரவில்லை. பக்கத்து நகரமான ஷார்த்ரில், சாவிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒதீலின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தாள்.

அதனால்தான் அந்த நவம்பர் காலையில், மூடுபனிக்குள், அறுவடை செய்து ஆள் உயரத்துக்குக் கொட்டியிருந்த பீட்ரூட் குவியலின் மறைவில் காரை நிறுத்திவிட்டு ஒதீலும் அவள் உதவியாளன் ரெஜிஸும் அர்மானின் வீட்டுக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெஜிஸுக்கு ஐம்பது வயது. முன்பு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். ஒதீல் காவல்படையிலிருந்து ஓய்வு பெற்று இந்தத் தொழிலை ஆரம்பித்த நாளிலிருந்து அவளோடு இருக்கிறான். ஓர்ஸான்வில் அவன் பிறந்த ஊர். இருபது வயதில் கிளம்பியவன், அம்மாவைப் புதைக்க ஒரு தடவை வந்தான். அதோடு சரி.

"உங்க ஊர்க்காரங்க ரொம்ப ஒத்துமையா இருக்காங்க, ரெஜிஸ்" என்றாள் ஒதீல்.

"அதான் மேடம் எனக்கும் இடிக்குது. சர்ச் கடிகாரம் பார்த்துட்டு மணி என்னன்னு சொல்லச் சொன்னாக்கூட இங்க ரெண்டு கட்சி. அந்தக் கிழவர் விஷயத்துல மட்டும் மொத்த ஊரும் ஒரே குரல்ல பாடுது. அவரை இங்க ஒருத்தருக்கும் பிடிக்காது."

"ஏன்?"

"அவருக்கும் யாரையும் பிடிக்காது. பொண்டாட்டி இவெத் அதைவிட மேல. மேயரோட அப்பாவைக் குடையால அடிச்சா, ஞாயித்துக்கிழமை, சர்ச் வாசல்ல. நான் சின்னப் பையன், கை தட்டினேன். எங்கம்மா என்னை அடிச்சாங்க."

ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கேட்டின் கம்பியில், நீள ரொட்டி எட்டிப் பார்த்த ஒரு துணிப் பையை மாட்டிவிட்டுப் போனது. பனியில் அந்தப் பை மட்டும் வெள்ளையாகத் தொங்கியது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் கதவு திறந்தது. கஃபேக்கும் அர்மானின் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஜொஸியான் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், பையை எடுத்தாள், தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பியது.

"பாவம், வயசானவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒத்தாசை பண்றா. நாம வீட்டுக்குப் போலாமா?" என்றான் ரெஜிஸ். அவன் குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

"பொறு."

ஜொஸியான் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். ஏப்ரனுக்குக் கீழே நீளமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"ரொட்டி உள்ள போச்சு. ரொட்டியே திரும்பி வெளிய வருது" என்றாள் ஒதீல். "அப்ப கிழவர் என்ன சாப்பிடுறார்? புகையையா?"

காரை விட்டு இறங்கிக் கேட்டருகே போனார்கள். முற்றத்துச் சுவரில் அர்மானின் சைக்கிள் சாய்ந்திருந்தது. நேற்று வயலுக்குப் போய் வந்ததாக மேயர் சொன்ன அதே சைக்கிள். ஒதீல் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மகிழ்ச்சியில்லாத சிரிப்பு.

"பெடலைப் பாரு."

பெடலிலிருந்து சுவர் வரைக்கும் ஒரு சிலந்தி வலை. சாதாரண நாளில் கண்ணில் பட்டிருக்காது. பனித்துளி கோத்ததில் இழை இழையாகத் தெரிந்தது. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே இன்னொன்று. அது பழையது, தூசியும் காய்ந்த இலையும் சேர்ந்தது.

"மேயர் சொன்னது உண்மையா இருந்தா, கிழவர் சிலந்திகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் சைக்கிளை எடுத்திருக்கணும்" என்றான் ரெஜிஸ்.

கஃபேயில் யாரும் இல்லை. ஜொஸியான் கவுன்ட்டருக்குப் பின்னால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரெஜிஸைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் மலர்ந்தது, உடனே இறுகியது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"மறுபடியுமா? உனக்கு வேற வேலை இல்லையாடா?"

"இதான் ஜோ என் வேலை. அர்மானைப் பார்க்கணும். சாவி உன்கிட்டதான் இருக்கு."

"அவருக்கு உடம்பு சரியில்ல. படுத்திருக்கார்."

"நேத்து சாயந்திரம் சீட்டு ஆடினார்னு சொன்னீங்க" என்றாள் ஒதீல்.

"ராத்திரிதான் சரியில்லாம போச்சு."

"டாக்டர் வந்தாரா?"

"அவருக்கு டாக்டரைக் கண்டா ஆகாது."

"நீங்க எடுத்துட்டு வந்த ரொட்டி அவருக்கு வேண்டாமாம்?"

ஜொஸியான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். ஒதீல் இரண்டு காப்பி கேட்டாள், இரண்டும் சூடில்லாமல் வந்தன, குடிக்காமலே எழுந்தாள்.

வெளியே வந்ததும் ரெஜிஸ் சொன்னான்: "ஷார்த்ர் ஆஸ்பத்திரியில சேர்த்திருப்பாங்க. தம்பி மக வந்து தொல்லை பண்ணுவான்னு ஒளிச்சு வெச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், எல்லா இடமும் நேத்தே விசாரிச்சாச்சு. எங்கேயும் இல்ல."

"அப்ப எங்கதான் இருக்கார்?"

ஒதீல் சர்ச் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யோசிக்கும்போது யாராவது பேசினால் அவளுக்குப் பிடிக்காது. ரெஜிஸ் அந்த இடைவெளியில் வேறொன்று நினைத்தான். புனிதர்கள் திருநாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரில் எல்லாக் கல்லறைக்கும் பூ வைத்திருப்பார்கள், அவன் அம்மாவின் கல்லறைக்கு மட்டும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். வைக்க வேண்டியவன் அவன்தான்.

"அஞ்சு நிமிஷம் மேடம். அம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேன்."

கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அம்மாவின் கல்லில் பாசி படிந்திருந்தது. ரெஜிஸ் கைக்குட்டையால் பெயரைத் துடைத்தான். பூ வாங்கி வரத் தோன்றாததற்காகத் தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டான். நிமிர்ந்தபோது சுவரோரமாக மஞ்சளும் செந்நிறமும் ஊதாவுமாக ஒரு மேடு கண்ணில் பட்டது. சாமந்திச் சட்டிகள். சட்டிமேல் சட்டி இடிக்க, கல்லே தெரியாத அளவுக்கு.

பெரிய மனிதர் யாரோ செத்திருக்கிறார் என்று கிட்டே போய்ப் பெயரைப் படித்தான். பிறகு ஒதீலைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டான்.

"மேடம், இங்க வாங்க! அதிசயத்தைப் பாருங்க. இவெத் தெவெனோ! செத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பதான் இந்த ஊருக்கு அவமேல பாசம் பொங்கியிருக்கு. வருஷா வருஷம் அர்மான் மட்டும் ஒரு சட்டி வைப்பார், மத்தவங்க இந்தப் பக்கம் வந்தா காறித் துப்பாம போனாலே பெரிசு. குடையால அடி வாங்கின குடும்பம்கூட…"

குனிந்து ஒரு சட்டியில் செருகியிருந்த அட்டையைத் திருப்பினான். மேயர் குடும்பத்தின் பெயர். வாய் அப்படியே நின்றது.

சட்டிகளுக்குக் கீழே கல் லேசாகச் சாய்ந்திருந்தது. ஓரத்தில் மண் புதிது. மற்ற கல்லறைகளைச் சுற்றி இருந்த சரளைக்கல் இங்கே மட்டும் களிமண்ணோடு கலந்து கிடந்தது.

"சாமந்தியை யாருக்கு வைப்பாங்க, ரெஜிஸ்?" என்று மெதுவாகக் கேட்டாள் ஒதீல், பின்னால் வந்து நின்று.

"செத்தவங்களுக்கு மட்டும்தான். உயிரோட இருக்கறவங்களுக்குக் கொடுத்தா செருப்பால அடிப்பாங்க." அவன் அட்டையைத் திரும்பச் சட்டியில் செருகினான். "இது இவெத்துக்கு இல்ல, மேடம்."

"இல்ல. புதுசா வந்தவருக்கு."

இரும்புக் கதவு மறுபடி கிறீச்சிட்டது. ஜொஸியான் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மேயர் உபேர், பீட்ரூட் வயலிலிருந்து நேராக வந்த சேற்று பூட்ஸோடு. சட்டிகளைச் சுற்றி நின்ற இருவரையும் பார்த்ததும் மேயர் தொப்பியைக் கழற்றினார். ரெஜிஸ் அதைக் கவனித்தான். உயிரோடு இருப்பவருக்காக யாரும் தொப்பி கழற்றுவதில்லை.

"கொன்னீங்களா?" என்று நேராகக் கேட்டாள் ஒதீல்.

"ஐயோ, இல்லம்மா!" மேயர் பதறினார். "தானா செத்தார். சமையலறையில. அக்டோபர் ஆரம்பத்துல. மாரடைப்பா இருக்கும்."

"தானா செத்தவரை எதுக்குத் திருட்டுத்தனமா புதைச்சீங்க?"

மேயர் பனிக்குள் கையை நீட்டினார். அந்தத் திசையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ரெஜிஸுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். பழைய களிமண் குழி. அதையொட்டி ஊருக்கே குடிநீர் தரும் கிணறு.

"அந்தக் குழியில பாரீஸ் குப்பையைக் கொட்ட ஒரு கம்பெனி வந்திருக்கு. அனுமதிகூட வாங்கிட்டான். ஆனா குழிக்குப் போற வழி அர்மான் நிலத்து வழியாத்தான். அவர் விக்கலை. எங்களுக்காக இல்ல, அவர் யாருக்கும் எதையும் விக்கிற ஆளில்ல. டிசம்பர் கடைசிக்குள்ள வண்டி உள்ள போகலேன்னா அனுமதி காலாவதி. அவர் செத்தது தெரிஞ்சா நிலம் கரீனுக்கு. அவ கம்பெனிக்காரனுக்கு எப்பவோ வாக்குக் கொடுத்துட்டா."

ஒதீல் ரெஜிஸைப் பார்த்தாள். தங்களை எதற்காக வேலைக்கு வைத்தாள் அந்தப் பெண் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பெரியப்பாவைத் தேடச் சொல்லவில்லை, பெரியப்பாவின் பிணத்தைத் தேடச் சொல்லியிருக்கிறாள்.

"வருஷம் முடியற வரைக்கும்தான்" என்றார் மேயர். "அப்புறம் நாங்களே சொல்லிடலாம்னு இருந்தோம். மரியாதையாத்தான் புதைச்சோம். பொண்டாட்டி பக்கத்துலயே. ஊரே வந்துச்சு. நான் ரெண்டு வார்த்தை பேசினேன்."

"செத்த உடனே பார்த்தீங்களா?" என்றாள் ஒதீல்.

மேயர் ஜொஸியானைப் பார்த்தார்.

"ரொட்டி வண்டிக்காரி சொன்னா" என்றாள் ஜொஸியான், தரையைப் பார்த்து. "கேட்ல அடுத்தடுத்து மூணு பை தொங்குது, எடுக்கவே இல்லன்னு. நான்தான் சொன்னேன், கோவிச்சுக்கிட்டு இருப்பார், விடுன்னு. அதுக்கப்புறமும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் போய்ப் பார்த்தோம். குளிர் ஆரம்பிச்சிருந்துச்சு, அதனால நாத்தம் வரலை…"

"இப்ப தினமும் பையைத் தவறாம எடுக்கறீங்க" என்றாள் ஒதீல்.

ரெஜிஸுக்கு அந்த வாக்கியம் நெஞ்சில் குத்தியது. உயிரோடு இருந்தவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. செத்த பிறகு சீட்டாட வைத்தார்கள், சைக்கிள் ஓட்ட வைத்தார்கள், கை ஆட்ட வைத்தார்கள். இந்த ஊரை விட்டு அவன் ஓடியதற்கு இதுதான் காரணம். ஆனாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான் அவனும்.

"மேடம்" என்றான். "கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடலாமா? டிசம்பர் முடிய ரெண்டு மாசம்கூட இல்ல."

ஒதீல் போனை எடுத்து கரீனின் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கிடைச்சாரா?" என்றது கரீனின் குரல்.

"இறந்துட்டார். ஒரு மாசம் ஆச்சு. ஊர்க் கல்லறையில, உங்க பெரியம்மா பக்கத்துல இருக்கார்."

மேயர் கண்ணை மூடிக்கொண்டார். போனில் ஒரு பெருமூச்சு. அழுகையா என்று ரெஜிஸ் காதைத் தீட்டினான். அழுகை இல்லை.

"நினைச்சேன். அப்ப நிலத்தை என் பேருக்கு மாத்த நாளைக்கே நோட்டரிகிட்ட போறேன். நீங்க எனக்கு எழுத்துல கொடுங்க."

"எப்படிச் செத்தார்னு கேக்கலையே?"

"வயசு ஆச்சு, செத்தார். கேட்டா மட்டும் வந்துடப் போறாரா?"

"நோட்டரி ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றாள் ஒதீல். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "டாக்டர் பார்க்கலை, சான்றிதழ் இல்லை, அனுமதி இல்லாமப் புதைச்சிருக்காங்க. நான் இன்னைக்கே அரசு வழக்கறிஞருக்குச் சொல்லியாகணும். தோண்டி எடுப்பாங்க, பரிசோதனை, விசாரணை. எப்படிச் செத்தார்னு தெரியாம சொத்து யார் பேருக்கும் மாறாது. நம்ம கோர்ட்டு வேகம் உங்களுக்கே தெரியும். வசந்த காலத்துக்கு முன்னாடி முடிஞ்சா ஆச்சரியம்."

பிறகு கரீனின் குரல் மாறியது, தேன் ஒழுகியது.

"இதைப் பெரிசு பண்ண வேண்டாமே. குடும்ப விஷயம். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார், நேத்து செத்த மாதிரி ஒரு சான்றிதழ்…"

ஒதீல் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மேயருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு முகத்தில் உயிர் வந்தது. "அப்ப டிசம்பர் தாண்டிடும்! அம்மா, நீங்க தெய்வம்!"

"கொஞ்சம் இருங்க. உங்க பொய் உங்க கிணத்தைக் காப்பாத்தலை, நீங்க பண்ணின குத்தம்தான் காப்பாத்தப் போகுது. குத்தம்னா குத்தவாளி வேணும். யார் என்கூட இப்ப ஷார்த்ருக்கு வரீங்க?"

ரெஜிஸ் தன் ஊரை அன்றைக்கு முழுதாகப் பார்த்தான். மேயர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான் மேயர். எனக்குப் பதவி இருக்கு. யோசனை சொன்னது நான் இல்ல, ஜொஸியான்தான். சாவிகூட அவகிட்டதான்."

"குழி வெட்டினது உன் மெஷின் உபேர்!"

"இரவல் கொடுத்தேன். எதுக்குன்னு நான் கேக்கலை."

"ரெண்டு வார்த்தை பேசினேன்னு இப்பதான சொன்னீங்க" என்றான் ரெஜிஸ். "எதுக்குன்னு தெரியாமலே பேசினீங்களா? பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான்டா உபேர். ஜன்னல் உடைஞ்சா, பந்து மட்டும்தான் என்னுது, உதைச்சது நான் இல்லன்னு சொல்லுவே."

மேயர் கதவை நோக்கி நடந்தார். பீட்ரூட் லாரி காத்திருக்கிறது என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனார். கல்லறைச் சுவருக்கு அப்பால் இரண்டு மூன்று தலைகள் நின்றிருந்தன. மேயர் வெளியே போனதும் அவையும் காணாமல் போயின.

ஜொஸியான் மட்டும் நின்றாள். "கடையைப் பூட்டிட்டு வரேன்" என்றாள்.

"நீ மட்டும் எதுக்கு ஜோ? எல்லாரும் சேர்ந்துதானே…" என்றான் ரெஜிஸ்.

"வாயை மூடிட்டு வண்டியை எடுடா."

வயல்களுக்கு நடுவே கார் போனபோது பனி விலக ஆரம்பித்தது. சமவெளியின் விளிம்பில், உழுத மண்ணுக்கு மேலே, ஷார்த்ர் கதீட்ரலின் இரண்டு கோபுரங்களும் எழுந்தன. பின் இருக்கையில் ஜொஸியான் கோட்டுக்குள் ஏப்ரனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கேப்பாங்க?" என்றாள்.

"எப்ப பார்த்தீங்க, யார் தூக்கினது, யார் வெட்டினது" என்றாள் ஒதீல். "மேயரும் தப்ப முடியாது, கவலைப்படாதீங்க. உங்களுக்கு ஜெயில்னு வராது. பயப்பட வேண்டாம்."

"சுவர்ல தட்டினதைக் கேப்பாங்களா?"

ஒதீல் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே சுவர்தான எங்களுக்கு" என்றாள் ஜொஸியான். "அன்னைக்கு மத்தியானம் தட்டினார். முதல்ல பலமா, அப்புறம் மெதுவா. அவர் எப்பவும் தட்டுவார், என் கடையில சத்தம்னா குச்சியால தட்டுவார். அதான்னு நினைச்சேன். சத்தமே இல்லாத நேரத்துல எதுக்குத் தட்டறார்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. தோணினதும் ரேடியோவைச் சத்தமா வெச்சேன்."

ரெஜிஸ் காரின் வேகத்தைக் குறைத்தான்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" என்று ஒதீல் கேட்டாள்.

"தெரியாது."

"அப்ப அதை யாரும் கேக்க மாட்டாங்க. நீங்களா சொன்னாத்தான் உண்டு. சொன்னா, ஆபத்துல இருந்தவருக்கு உதவலைன்னு அது தனி வழக்கு. நான் காதுல வாங்கலை."

ரெஜிஸ் கண்ணாடியில் பார்த்தான். ஜொஸியான் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போனதும் முதல்ல அதைத்தான் சொல்லப் போறேன்" என்றாள். "புதைச்ச கதையெல்லாம் அப்புறம். நீங்க ரெண்டு பேரும் நடுவுல பேசாதீங்க."